பெரியப்பாவின் குமார் லென்ஸ்

பெரியப்பா அந்தக் கேமராவைப் பத்திரமாக வைத்திருந்தார். வினையே அதுதான். தோல் உறை, அதன் மேல் ஒரு வெல்வெட் துணி, அதையும் சுற்றி ஒரு மஞ்சள் பை. எல்லாம் சேர்ந்து ஸ்டீல் பீரோவின் அடித்தட்டில், பாச்சை உருண்டைகளுக்கு நடுவே. வீடு சென்னை பெசன்ட் நகரில், கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி. பதினெட்டு வருடம் யாரும் அந்தப் பையைத் திறக்கவில்லை.

போன ஐப்பசியில், "கண் ஆபரேஷனுக்கு அப்புறம் இதுல பார்த்தா ஒண்ணும் பிடிபடலம்மா, நீயே வெச்சுக்கோ" என்று எடுத்துக் கொடுத்தார். உள்ளே பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் ஃபிலிம் கேமரா. 1970களின் கடைசியில் பர்மா பஜாரில், யாரோ வைத்திருந்ததைப் பேரம் பேசி வாங்கியது. ஷட்டர் இறுகிப்போயிருந்தது. என் கண் அதன் முன்னால் மாட்டியிருந்த லென்ஸ் மேல்: சூப்பர் டக்குமார் 55 மி.மீ., எஃப் 1.8. எங்கள் வீட்டில் அதற்குக் 'குமார் லென்ஸ்' என்றுதான் பெயர். குமார் என்று ஒரு ஜப்பான்காரர் செய்தது என்று பெரியப்பா சின்ன வயதில் எனக்குக் கதை சொல்லியிருக்கிறார். பாதி உண்மை. பென்டாக்ஸைத் தயாரித்த அசாஹி ஆப்டிகல் நிறுவனத்தைத் தொடங்கியவரின் சகோதரர் டக்குமா கஜிவாரா, அமெரிக்காவில் புகைப்படக்காரராகவும் ஓவியராகவும் இருந்தவர். அவர் பெயரிலிருந்து வந்ததுதான் டக்குமார்.

வெளிச்சத்தில் சும்மா தூக்கிப் பார்த்தபோது கண்ணாடி சுத்தமாகத்தான் தெரிந்தது. பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். அறை விளக்கை அணைத்துவிட்டு, அபர்ச்சரை, அதாவது வெளிச்சம் நுழைகிற துவாரத்தை, முழுக்கத் திறந்து (எஃப் எண் சிறிதானால் துவாரம் பெரிது), பின்பக்கத்திலிருந்து டார்ச்சைச் சற்றுச் சாய்வாக அடித்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்ததும் உள்ளே ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வெள்ளை இழைகள், மழைக்காலச் சுவரில் பாசி படர்கிற மாதிரி, கிளை கிளையாக. பூஞ்சை.

டார்ச் வெளிச்சத்தில் மூன்று வகைக் கோளாறு தெரியலாம். கிளைவிட்ட இழை என்றால் பூஞ்சை. மொத்தமாகப் பனி படர்ந்த மாதிரி இருந்தால், ஃபோகஸ் வளையத்தின் கிரீஸ் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்த மங்கல். அது துடைத்தால் போய்விடும். ஓரத்தில் வானவில் நிறத்தில் திட்டு தெரிந்தால் ஒட்டப்பட்ட இரண்டு கண்ணாடிகள் பிரியத் தொடங்கிவிட்டன என்று அர்த்தம். அதை வீட்டில் சரிசெய்ய முடியாது. என்ன விலை சொன்னாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஒட்டிய கண்ணாடிகளுக்கு இடையே பூஞ்சை புகுந்திருந்தாலும் அதே கதைதான். குமாருக்கு அதிர்ஷ்டம் இருந்தது. இழைகள் அபர்ச்சர் தகடுகளுக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு முகங்களில் மட்டும்தான்.

கழற்றுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்தேன், அதைச் செய்தது நல்லதாயிற்று. என் சோனி ஆல்ஃபா 6000 கேமராவில் ஒரு அடாப்டர் வைத்து இந்த லென்ஸை மாட்டி, மொட்டை மாடியில் முக்காலி போட்டு, எதிர்த் தெருவிளக்கை எஃப் 1.8, எஃப் 8 இரண்டிலும் எடுத்து வைத்தேன். விளக்கைச் சுற்றிப் பால் ஊற்றியதுபோல ஒரு வளையம், கருப்பாக இருக்க வேண்டிய வானம் சாம்பல் நிறம். 'முன்' படம் கையில் இல்லாவிட்டால் 'பின்' படம் நன்றாக இருக்கிறது என்பது வெறும் மனப்பிரமையாகிவிடும்.

அடாப்டர் கணக்கு சுலபம். இந்த லென்ஸின் மவுன்ட், அதாவது கேமராவில் மாட்டுகிற பகுதி, எம்42 திருகு: 42 மி.மீ. விட்டம், ஒரு மி.மீ. புரி இடைவெளி. மவுன்ட்டிலிருந்து ஃபிலிம் வரை 45.46 மி.மீ. இருக்க வேண்டும். சோனி இ மவுன்ட்டில் அந்தத் தூரம் 18 மி.மீ. மீதி 27.46 மி.மீ. நீளத்துக்கு உள்ளே கண்ணாடி எதுவும் இல்லாத வெறும் உலோகக் குழாய்தான் அடாப்டர். கேனான் டிஎஸ்எல்ஆர் என்றால் அங்கே 44 மி.மீ., ஒன்றரை மி.மீ. வளையமே போதும். நிகான் டிஎஸ்எல்ஆர்காரர்களுக்கு மட்டும் வழியில்லை: அங்கே 46.5 மி.மீ., லென்ஸுக்கு வேண்டியதைவிட அதிகம். கண்ணாடி வைத்த அடாப்டர் போடாமல் தூரத்துக் காட்சி ஃபோகஸ் ஆகாது, போட்டால் படம் கெடும். ஆல்ஃபா 6000இன் மெனுவில் 'லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கு' என்ற அமைப்பை இயக்க வேண்டும். இது தெரியாமல் அரை மணி நேரம் பட்டனை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட். ஸ்க்ரூடிரைவர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. பழைய ஜப்பான் லென்ஸ்களின் நட்சத்திரத் தலை திருகுகள் பார்க்க ஃபிலிப்ஸ் மாதிரியே இருக்கும், ஆனால் அவை ஜப்பானின் ஜேஐஎஸ் அளவு. சாதாரண ஃபிலிப்ஸ் முனை அதில் முழுக்க உட்காராமல் வழுக்கிக்கொண்டு வெளியே வரும், வரும்போது தலையைச் சுரண்டிவிட்டு வரும். இரண்டு கடை ஏறி இறங்கி ஜேஐஎஸ் முனை உள்ள ஒரு செட் பிடித்தேன். கூடவே இரண்டு முனை கொண்ட லென்ஸ் ஸ்பேனர், ரப்பர் புளோயர், சின்னதாக இரண்டு ஈரப்பத மானி. மருந்துக்கடையில் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால், மெல்லிய ரப்பர் கையுறை. மெக்கானிக் கடையில் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில். மருந்துக்கடைக்காரர் பெராக்சைடை எடுத்து வைத்துவிட்டு, "யாருக்குக் காயம்?" என்றார். லென்ஸுக்கு என்றேன். காண்டாக்ட் லென்ஸ் என்று நினைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் அறிவுரை சொன்னார்.

ஞாயிறு காலை சாப்பாட்டு மேஜை மேல் வெள்ளைத் துண்டு விரித்தேன். வெள்ளைத் துண்டு அழகுக்கு இல்லை, விழுகிற திருகு உருண்டு ஓடாமல் நிற்பதற்கு. திருகுகளை வரிசையாக வைக்க அம்மாவின் குழிப்பணியாரச் சட்டி. முதலில் கழற்றியது முதல் குழியில், அடுத்தது வலப்பக்கக் குழியில். ஒவ்வொரு படிக்கும் ஃபோனில் ஒரு படம். மாட்டும்போது எந்தக் குழியிலிருந்து எடுக்க வேண்டும் என்று யோசிக்கவே வேண்டாம், பின்னோக்கி வந்தால் போதும். இதைவிட நல்ல தட்டு எந்த டூல் கடையிலும் பார்த்ததில்லை.

முதல் தடையே பெரிய தடை. லென்ஸின் முகப்பில் பெயர் எழுதிய வளையம் இருக்கிறதே, அதைத் திருகிக் கழற்ற வேண்டும். ஆனால் அதில் பிடிக்க ஒரு வெட்டும் கிடையாது. ரப்பரால் அழுத்தித் திருப்புவதுதான் வழி. இதற்கென்றே ரப்பர் கூம்புகள் விற்கிறார்கள். என்னிடம் இல்லை. பாத்திரம் கழுவும் தொட்டியின் அடைப்பான் சின்னது, பாட்டில் மூடி வழுக்கியது. பெரியப்பா சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், தன் கைத்தடியைத் தலைகீழாகத் திருப்பி, "இது ஆகுமா பாரு" என்றார். தடியின் கீழே உள்ள ரப்பர் புஷ். அடிப்பாகம் கிட்டத்தட்ட 4 செ.மீ. அகலம், நடுவில் குழிவு. விளிம்பு மட்டும் பெயர் வளையத்தில் உட்கார்ந்தது, குழிவு இருந்ததால் கண்ணாடியைத் தொடவே இல்லை. புஷ்ஷைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, அழுத்தி இடப்பக்கம் ஒரு திருப்பு. நாற்பது வருடத்துக்கு மேல் இறுகியிருந்தது, 'டொக்' என்று விட்டுக்கொடுத்தது.

அதற்குள்ளே மூன்று சின்னத் திருகுகள். எடுத்ததும் ஃபில்டர் மாட்டுகிற வளையம் கழன்று வந்தது, அடுத்து முன்பக்கக் கண்ணாடிக் கூடு. இதைப் பிரிக்க வேண்டியதில்லை. ஒரே கூடாகத் திருகி எடுத்தால் அதன் பின்முகம் தெரியும். அங்கேதான் இழைகள் இருந்தன. பின்பக்கக் கூட்டையும் ஸ்பேனரால் அப்படியே திருகி எடுத்திருக்கலாம்.

ஆனால் நான் அப்படிச் செய்யவில்லை. முன்பக்கம் சுலபமாக முடிந்த தைரியத்தில், பின்தட்டையும் திறந்து பார்த்துவிடலாமே என்று தோன்றியது. தேவையே இல்லாத வேலை. தட்டு தூக்கப்பட்டதும் அபர்ச்சர் வளையம் லேசாக நகர்ந்தது, 'டிக்' என்று ஏதோ ஒன்று மேஜையில் குதித்தது, பிறகு தரையில், பிறகு எங்கேயோ. அபர்ச்சர் வளையத்தைத் திருப்பும்போது ஒவ்வொரு எண்ணிலும் 'கிளிக்' என்று நிற்கிறதே, அந்தக் கிளிக் ஒரு குட்டி பால்ரஸ் குண்டின் வேலை. கடுகைவிடச் சற்றுச் சிறியது. வெள்ளைத் துண்டு மேஜையோடு முடிந்துவிட்டது, குண்டு முடியவில்லை. நானும் அம்மாவும் தரையில் தவழ்ந்தோம். கடைசியில் ஒரு பழைய ஸ்பீக்கரின் காந்தத்தைப் பாலிதீன் பையில் போட்டு, சோபாவுக்கு அடியில் துழாவினேன். இரண்டு குண்டூசி, ஒரு ஊக்கு, அவற்றோடு குண்டும் ஒட்டிக்கொண்டு வந்தது. பையை உள்பக்கம் வெளிப்பக்கமாகத் திருப்பினால் காந்தம் விலகிவிடும், குண்டு பையில் நிற்கும். நீங்கள் கழற்றுவதாக இருந்தால் பின்தட்டின் திருகுகளைத் தொடவே வேண்டாம். தொட்டே ஆக வேண்டும் என்றால் ஒரு பெரிய வெளிப்படையான பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு, உள்ளேயே வைத்துத் திறங்கள்.

சுத்தம் செய்தது இப்படி. பெராக்சைடையும் டிஸ்டில்டு வாட்டரையும் சரிபாதி கலந்தால் 3 சதவீதம். முதலில் புளோயரால் தூசியை ஊதினேன். தூசியோடு துடைத்தால் உப்புத்தாளால் தேய்ப்பதுபோல. லென்ஸ் தாளைக் கரைசலில் நனைத்துக் கண்ணாடி முகத்தின் மேல் ஐந்து நிமிடம் போர்த்தி வைத்தேன். பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுழற்றியபடி ஒரே ஒரு துடைப்பு, தாளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுத் தாள். இப்படி மூன்று முறை. கடைசியில் ஆல்கஹால் ஒரு துளி, கறை நிற்காமல் இருக்க. ஆல்கஹாலைத் தாளில்தான் விட வேண்டும், கண்ணாடியில் ஊற்றக் கூடாது. ஓரத்தில் பூசியிருக்கிற கருப்பு வண்ணத்தைக் கரைத்துவிடும். அது கரைந்தால் உள்ளே வெளிச்சம் தெறித்து, பூஞ்சையைவிட மோசமாகப் படம் வெளுக்கும். அசிட்டோன் பக்கமே போக வேண்டாம். பெராக்சைடோடு அம்மோனியா கலக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஜன்னல் சரியாகத் திறக்காத வீட்டில் அந்த நெடி வேண்டாம் என்று விட்டுவிட்டேன், அது இல்லாமலே இழைகள் போயின.

முழுக்கப் போயினவா என்றால், இல்லை. பூஞ்சை கண்ணாடியின் மேல்பூச்சைத் தின்று வாழ்வதில்லை. தூசியிலும் விரல் ரேகை எண்ணெயிலும் வாழ்கிறது. வாழும்போது அமிலத்தைக் கசிய விடுகிறது, அந்த அமிலம்தான் பூச்சை அரிக்கிறது. இரண்டு இடத்தில் இழையின் தடம் கோலம் அழிந்த வாசல்போல மங்கலாக நிற்கிறது. டார்ச் அடித்தால் மட்டும் தெரியும். அதைப் பாலிஷ் போட்டு எடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள். பூச்சு மொத்தமும் போய்விடும்.

வெயிலில் வைத்தால் பூஞ்சை போய்விடும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். புறஊதாக் கதிர் பூஞ்சையைக் கொல்லும், சரி. ஆனால் அதில் பெரும்பகுதியை முன்னால் உள்ள கண்ணாடிகளே தடுத்துவிடும். செத்தாலும் பிணம் உள்ளேதான் கிடக்கும், யாராவது துடைக்க வேண்டும். வெயில் வேறு ஒன்றுக்கு உதவும். அந்தக் காலத்து டக்குமார் வரிசையில் சில லென்ஸ்களில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. பல பத்தாண்டுகளில் அது தேநீர் நிறத்துக்கு மஞ்சளாகிவிடும். வெள்ளைத் தாள் மேல் லென்ஸை வைத்து மேலிருந்து பார்த்தால் தெரியும். குமாரும் லேசாக மஞ்சள். படம் எடுக்கும் அளவுக்கு அதன் கதிர்வீச்சைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கண்ணாடி உடைந்தால் அந்தத் தூளை மூக்கிலும் வாயிலும் போகவிடக் கூடாது, அவ்வளவுதான். அந்த மஞ்சள் மட்டும் வெயிலில் வெளுக்கும். தை மாத வெயிலில் மாடியில் மூன்று வாரம், தினமும் காலை பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை வைத்தேன். முதல் நாள் செய்தித்தாள் மேல் வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போனேன், திரும்பி வந்தால் தலையங்கத்தில் ஒரு ஓட்டை, புகை. பூதக்கண்ணாடியைத்தான் வெயிலில் வைக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. அடுத்த நாளிலிருந்து பின்பக்கத்தை அலுமினியத் தாளால் மூடி, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அதே தெருவிளக்கு, அதே முக்காலி. பால் வளையம் போய்விட்டது. விளக்கைச் சுற்றிச் சின்னதாக ஒரு மங்கல் எஃப் 1.8இல் மட்டும் இருக்கிறது, எஃப் 8இல் அதுவும் இல்லை. வானம் கருப்பு. பெரியப்பாவிடம் இரண்டு படத்தையும் காட்டினேன். "இவ்வளவு பத்திரமா வெச்சிருந்தும் எப்படிம்மா?" என்றார். அவருக்கு உண்மையிலேயே வருத்தம். தினமும் வெளியே எடுத்துப் படம் பிடித்திருந்தால் பூஞ்சைக்கு இடமே கிடைத்திருக்காது என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "காத்து அப்படி, பெரியப்பா" என்றேன்.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். பூஞ்சை வித்து எல்லாக் காற்றிலும் இருக்கிறது, அதை ஒழிக்க முடியாது. ஈரத்தைத்தான் குறைக்க முடியும். வடகிழக்குப் பருவமழை மாதங்களை விடுங்கள், சித்திரையில்கூடக் கடல் காற்று உள்ளே வந்ததும் சென்னையில் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்கிறது. பூட்டிய பீரோவில் அந்த ஈரம் நுழையும், வெளியேறாது. தோல் உறை அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இருட்டு, காற்றோட்டம் இல்லை, ஈரம். காளான் வளர்க்க நினைத்தாலும் இப்படித்தான் ஏற்பாடு செய்வோம். பாச்சை உருண்டை இதற்கு ஒரு மருந்தும் இல்லை, அதன் ஆவி கண்ணாடியில் படிவதுதான் மிச்சம்.

ஈரப்பத மானி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று 71 காட்டியது, இன்னொன்று 82. எதை நம்புவது? உப்புச் சோதனை இருக்கிறது. ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்குச் சில துளி தண்ணீர் விட வேண்டும். கரைந்துவிடக் கூடாது. மானியோடு சேர்த்து ஜிப் பையில் காற்றுப் புகாமல் மூடி ஓர் இரவு வைத்தால், உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் போய் நிற்கும். உப்பின் இயல்பு அது. என் மானிகள் 68, 79 காட்டின. ஒன்றின் முதுகில் 'கூட்டு 7', மற்றதில் 'கழி 4' என்று ஸ்டிக்கர் ஒட்டினேன். திருத்தியபின் இரண்டும் ஒரே எண்ணைச் சொல்கின்றன. அதைப் பெரியப்பாவின் பீரோவுக்குள் வைத்துப் பார்த்தேன்: 78.

பெட்டிக்குப் பெரிய செலவில்லை. பாரிமுனைப் பக்கம் பாத்திரக் கடையில், மூடியில் ரப்பர் பட்டை வைத்த பத்து லிட்டர் பிளாஸ்டிக் டப்பா. பருப்பு கொட்டி வைக்கிற டப்பாதான். அரை கிலோ சிலிக்கா ஜெல். நீலநிற ஜெல்லை வாங்காதீர்கள், அதில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, வீட்டில் குழந்தை இருந்தால் ஆபத்து. ஆரஞ்சு நிறத்தில் ஒன்று வருகிறது, ஈரம் குடித்ததும் பச்சையாகிவிடும். அதை ஒரு பழைய சாக்ஸில் கட்டிப் போட்டேன். மறுநாள் காலை மானி 31 காட்டியது. இவ்வளவு வறட்சியும் வேண்டாம், கிரீஸுக்கும் ரப்பருக்கும் நல்லதில்லை. பாதி ஜெல்லை எடுத்துவிட்டேன். இப்போது 42இலிருந்து 48க்குள் நிற்கிறது. 40க்கும் 50க்கும் நடுவில் இருந்தால் போதும். அரிசி போட்டு வைக்கலாமா என்று அம்மா கேட்டார். அரிசி ஈரத்தைப் பெரிதாக இழுக்காது, மாவுத்தூசி வேறு.

ஜெல் பச்சையானதும் மறுபடி வறுக்கலாம். அடி கனமான வாணலியில், சிறுதீயில், கிளறிக்கொண்டே அரை மணி நேரம். 120 டிகிரி செல்சியஸ் போதும். அதற்கு மேல் சூடேறினால் ஆரஞ்சு கருகிப் பழுப்பாகி வீணாகிவிடும். மழைக்காலத்தில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வறுக்கிறேன், டப்பாவை அடிக்கடி திறந்தால் அதற்கும் முன்பாகவே. அந்த வாணலி சமையலறைக்குத் திரும்பக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு, சரியான உத்தரவும்கூட. மின்சாரத்தில் ஓடுகிற டிரை கேபினட் வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள், வேலை மிச்சம். ஆனால் மூன்றாவது லென்ஸ் வாங்கப் பணம் சேர்க்கிறவர், டப்பா கூட இல்லாமல் சேர்க்கிறார் என்றால் எனக்குக் கோபம் வரும்.

இனி படம் எடுத்த கதை.

ஆல்ஃபா 6000இன் சென்ஸார் 35 மி.மீ. ஃபிலிமைவிடச் சிறியது, 55 மி.மீ. லென்ஸ் அதில் 82 மி.மீ. போல நடந்துகொள்கிறது. மனித முகத்துக்கு அருமை, நெரிசலான சந்துக்கு நீளம். ஆட்டோஃபோகஸ் கிடையாது. விளிம்புகளுக்கு நிறம் பூசிக்காட்டும் ஃபோகஸ் பீக்கிங் இருக்கிறதே என்று முதல் நாள் அதையே நம்பினேன். முழுக்கத் திறந்த அபர்ச்சரில் அது பொய் சொல்கிறது. எஃப் 1.8இல், ஒன்றரை மீட்டர் தூரத்தில் கூர்மையாக இருக்கிற ஆழம் வெறும் 5 செ.மீ. பீக்கிங் மூக்குக்கும் நிறம் பூசும், காதுக்கும் பூசும். படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் பட்டனை அழுத்தி, கண்ணிமை முடியைப் பார்த்து ஃபோகஸ் செய்தால்தான் சரி.

பழைய டக்குமாரில் ஓர் அழகான வசதி, பக்கவாட்டில் ஏ, எம் என்று ஒரு சின்ன நெம்பு. எண்ணை 8இல் வைத்து நெம்பை ஏ பக்கம் தள்ளினால் அபர்ச்சர் முழுக்கத் திறந்தே இருக்கும், வெளிச்சமாகப் பார்த்து ஃபோகஸ் செய்யலாம். எம் பக்கம் தள்ளினால் 8க்கு மூடிக்கொள்ளும், உடனே எடுக்கலாம். இது வேலை செய்ய, அடாப்டரில் லென்ஸின் பின்பக்கம் நீட்டியிருக்கிற ஊசியை அழுத்துகிற விளிம்பு இருக்கக் கூடாது. நான் முதலில் வாங்கிய அடாப்டரில் அந்த விளிம்பு இருந்தது. அதோடு அது ஒரு மயிரிழை நீளமாகவும் இருந்ததால், மெரினாவில் எடுத்த கலங்கரை விளக்கம் கடைசிவரை கூர்மையாகவே வரவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்கினேன். புது அடாப்டர் வந்ததும் முதல் சோதனை தூரத்துக் கட்டடம்தான்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகம் போனது ஒரு ஞாயிறு விடிகாலை. ஏசி போட்ட காரில் கேமராவைத் திறந்தபடியே மடியில் வைத்துக்கொண்டு போன புத்திசாலி நான். இறங்கியதும் லென்ஸ் முழுக்கப் பனி. சில்லென்ற கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம் படிகிறது, ஐஸ் தண்ணீர் டம்ளர் வியர்க்கிற மாதிரி. துடைத்தால் மறுபடி வரும். இருபது நிமிடம் காத்திருந்தேன், அதற்குள் படகுகளிலிருந்து இறங்கிய நல்ல வெளிச்சத்து மீன்கூடைகள் எல்லாம் போய்விட்டன. இப்போது வீட்டிலேயே கேமராவை ஜிப் பையில் போட்டு மூடிவிடுகிறேன். வெளியே வந்து பையோடு அது வெளிச்சூட்டுக்கு வரும்வரை விட்டு, அப்புறம்தான் திறப்பது. பனி பையின் வெளிப்பக்கம் படியும், லென்ஸில் படியாது.

ஏலம் நடக்கிற இடத்தில் ஒவ்வொரு படத்துக்கும் ஃபோகஸ் திருப்பிக்கொண்டிருந்தால் இடித்துத் தள்ளிவிட்டுப் போவார்கள், அவர்கள் வேலை அப்படி. அங்கே நான் செய்தது: எஃப் 8, ஃபோகஸ் 3 மீட்டரில் வைத்து வளையத்தில் ஒரு துண்டு டேப். கணக்குப்படி 2.6 மீட்டரிலிருந்து 3.5 மீட்டர் வரை கூர்மை. கேமராவைத் தொடாமல் காலால் நகர்ந்து அந்தத் தூரத்துக்கு வர வேண்டும், அவ்வளவுதான். லென்ஸ் மேல் பொறித்திருக்கிற ஆழ அளவுகோல் 35 மி.மீ. ஃபிலிமுக்குப் போட்டது. சின்ன சென்ஸாரில் அதை அப்படியே நம்பக் கூடாது. எஃப் 8இல் எடுக்கும்போது 5.6க்கான கோடுகளைப் படியுங்கள். கூடை தூக்குகிற அக்காவிடம், "ஒரு படம் எடுத்துக்கவாக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். "மீனு வாங்குவியா?" என்று திருப்பிக் கேட்டார். ஒரு கிலோ சங்கரா வாங்கினேன். படமும் நன்றாக வந்தது, குழம்பும்.

உச்சி வெயிலில் கணக்கு வேறு. ஐஎஸ்ஓ (சென்ஸாரின் ஒளி உணர்திறன்) 100, எஃப் 16, 1/100 நொடி என்ற பழைய விதி நம் ஊர் நண்பகலுக்கு நன்றாகவே பொருந்துகிறது. எஃப் 8 என்றால் 1/400, எஃப் 2.8 என்றால் 1/3200. அதற்கு மேல் எஃப் 1.8க்குத் திறந்தால் 1/8000 பக்கம் வேண்டும், ஆல்ஃபா 6000இன் எல்லையோ 1/4000. பின்னணி மங்கலாக வேண்டும் என்று மதியம் எஃப் 1.8இல் எடுக்கப் பிடிவாதம் பிடித்தால் வெளிச்சத்தைக் குறைக்கிற 49 மி.மீ. என்டி ஃபில்டர் ஒன்று வாங்க வேண்டியிருக்கும். நான் வாங்கவில்லை. மாலை வரை காத்திருக்கிறேன்.

மாலை என்றால் மயிலாப்பூர். கபாலீஸ்வரர் கோயில் மாட வீதியில் பூக்கடை, பொம்மைக்கடை எல்லாம் இப்போது எல்இடி விளக்கு. 1/250இல் எடுத்த படங்களில் சிலவற்றில் குறுக்கே கருப்புப் பட்டை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்குகின்றன. ஷட்டரை 1/100 அல்லது 1/50இல் வைத்தால் பட்டை மறைந்துவிடும். 82 மி.மீ. கோணத்துக்குக் கையால் பிடிக்க 1/100 வேண்டும், 1/50இல் எனக்குக் கை ஆடுகிறது. ஆகவே 1/100, எஃப் 2, ஐஎஸ்ஓவைத் தேவைக்கு ஏற்றிக்கொள்வது. கொஞ்சம் மணல்மணலாக வந்தாலும் பரவாயில்லை, ஆடிய படத்தைத்தான் எதுவும் செய்ய முடியாது.

கடற்கரைப் பக்கம் போய்விட்டு வந்த அன்றே, லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் லென்ஸின் வெளிப்பக்கத்தையும் அடாப்டரையும் துடைத்து, காய்ந்த துணியால் இன்னொரு முறை துடைத்து, டப்பாவில். உப்பு ஓர் இரவு நின்றால் திருகு பிடித்துக்கொள்ளும்.

பெரியப்பாவுக்கு மாட வீதிப் படம் ஒன்றைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். பூ கட்டுகிற பாட்டியின் விரல்கள் மட்டும் கூர்மை, பின்னால் விளக்குகள் எல்லாம் உருண்டை உருண்டையாக. கண்ணாடியைக் கழற்றி, படத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். "குமார் நல்லாத்தான் வேலை செய்யறான்" என்றார். அப்புறம், "அந்த பாடியையும் பார்த்துடேன், ஷட்டர்தானே?" என்றார். அது என் கையால் ஆகாது என்று எனக்குத் தெரியும், அவரிடம் சொல்லவில்லை. இப்போதைக்கு ஸ்பாட்மேட்டிக் தோல் உறை இல்லாமல் டப்பாவில், லென்ஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

கைத்தடிக்குப் புது புஷ் வாங்கி மாட்டிக் கொடுத்துவிட்டேன். பழையது என் டூல் பெட்டியில்.